வெள்ளிக்கிழமை நான் இல்லை

கெசியா ஹிண்டிலை அடக்கம் பண்ணிய அன்றைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். முப்பத்தொன்பது வருஷம் கீழ்மில்லில் நாலு தறி ஓட்டினவள், அத்தனை வருஷத்தில் ஒரு கெஜம் துணியில்கூடக் குற்றம் என்று பேரில் எழுதப்படாதவள், கூட வேலை பார்த்தவர்களை ஒரு சொல் நோகப் பேசாதவள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பாவம், அவர் வெளியூர். துக்க வீட்டில் யாரோ மரியாதைக்குச் சொன்னதைக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தார். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரிகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து அவரவர் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் துக்கம் என்று போதகர் நினைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் ஹேசல்டன்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் மறக்கமாட்டார்கள், செத்தவளைப் பற்றி வாயையும் திறக்கமாட்டார்கள். நான் இங்கே வாயைத் திறப்பது அவளைக் கேவலப்படுத்த இல்லை. தன்னைத்தானே அவள் கேவலப்படுத்திக்கொண்டதற்கு மேல் இன்னொருவர் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை.

கால்வாய்க் கரையில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிறந்தாள். பத்து வயதில் அரை நாள் மில், அரை நாள் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் தூங்கினாள், மில்லில் விழித்திருந்தாள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல. பத்தொன்பது வயதில் மில்லில் தன் பொறுப்பில் நாலு தறி பெற்றுவிட்டாள். மில்லுக்குக் கரி வண்டி ஓட்டிய ஈனக்கைக் கட்டிக்கொண்டாள். இரண்டு குழந்தை பிறந்து இரண்டும் தங்கவில்லை. முப்பது வயதுக்குள் காது போய்விட்டது. எங்கள் ஊரில் அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. மாவு மில்காரனுக்குத் தலை வெளுத்த மாதிரி, நெசவுக்காரிக்குக் காது போகும், அவ்வளவுதான்.

தறிக்கூடத்தில் அறுநூறு தறி. காலை ஆறு மணிக்கு இன்ஜின் கிளம்பிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் பெண்கள் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாயை மட்டும் கொண்டுபோவார்கள். உதடு, பல், நாக்கு, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து பேசும். வாய்ச்சாடை என்போம். சந்தையில் எதிரெதிர் நடைபாதையில் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைப் பார்த்து, இதுகளுக்குப் பைத்தியமா என்று கேட்ட வெளியூர்க்காரர்கள் உண்டு. பைத்தியமெல்லாம் இல்லை. யாருடைய மகள் யாரோடு ஓடினாள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் கெசியாவை அடிக்க ஆள் கிடையாது. முப்பது தறிக்கு அப்பால் ஒருத்தி உதட்டைச் சுழித்தால் போதும், முழுக்கதையையும் சொல்லிவிடுவாள். அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. இந்தக் கதை நடந்த வருஷம் அக்டோபர் வரைக்கும், அதாவது இருபத்திரண்டு வருஷம், துணியில் குற்றம் என்று ஒரு தடவைகூடக் கிடங்குக்குக் கூப்பிட்டு நிறுத்தப்பட்டதில்லை. துணி பார்க்கிற கிரெக்சன் கூப்பிட்டு நிறுத்தினால் கல்லும் கூசும். மேஜைமேல் துணியை விரித்து, விரலை ஓட்டைக்குள் விட்டு ஆட்டிக் காட்டுவார். கூப்பிடப்பட்ட பெண்கள் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது, “நூலைப் பாக்கணும்டி, ஊரைப் பாக்கக் கூடாது” என்று கெசியா வாய்ச்சாடையில் புத்தி சொல்வாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் பரவாயில்லை. எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த அக்டோபர் வியாழக்கிழமை சாயங்காலம் ஊரைப் பார்த்தது அவள்தான்.

கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு பேர் பாட்டுக்குழுத் தலைவருடைய கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து வாசலில் அடித்த காற்றில் அவருடைய தலைமுடி மொத்தமாகப் பறந்துபோய்க் கல்லறைமேல் விழுந்ததாம். பத்து வருஷமாக அது சொந்த முடி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. கெசியா காது போன பிறகும் தலைவரின் வாயைப் பார்த்தே பாடி, அந்தப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்பவள். விடுவாளா? கண்ணை அங்கே நட்டுவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்துச் சந்தில் தறி ஓட்டிய தாமர் ஆஸ்பின், இருபது வருஷச் சிநேகிதி, கையை வீசிக் கூப்பிட்டாள்.

“கெசியா! உன் ரெண்டாந்தறி! இழை அறுந்து ஓடுது பாரு!”

“இருடி” என்று கெசியா கையைக் காட்டினாள். முடியை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது இன்னும் வரவில்லை.

வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் மூன்று கெஜம் நாசம். நெடுக்கே ஓடும் பாவிழை ஒரு கொத்தாக அறுந்து, பக்கத்து இழைகளையும் இழுத்துக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை எதிலும் பிடிக்காமல் சிலந்தி வலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முறைப்படி தறியை நிறுத்தி, நெய்ததைப் பிரித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து மறுபடி நெய்ய வேண்டும். அரை நாள் வேலை. எல்லோரும் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் புத்தி சொன்ன வாய் வேறு. அவள் இழைகளை மட்டும் அவசரமாக முடிந்துவிட்டு, கெட்ட துணியை உருளையில் சுற்றி உள்ளே தள்ளி, அதன்மேல் நல்ல துணியை ஓட விட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கு அவள் வரவில்லை. அவளுடைய சித்தியின் அடக்கம் பக்கத்து ஊரில் என்று வியாழக்கிழமை இரவுதான் சேதி வந்தது. நெசவுக்காரி வராத நாளில் அவளுடைய தறியில் பதிலி நிற்பாள். தங்கள் பொறுப்பில் தறி இல்லாத பெண்கள் விடியுமுன்னே மில் கேட்டில் வந்து நின்று, யார் வரவில்லை என்று மேஸ்திரி வெளியே வந்து கூப்பிடுவதற்காகக் காத்திருப்பார்கள். கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியும். அந்த வெள்ளிக்கிழமை மேஸ்திரி அமோஸ் கூப்பிட்டது செலினா காட்லோவை.

செலினா மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு எங்கள் ஊருக்கு வந்தவள். புருஷன் ஜோப் பஞ்சு அறையில் வேலை பார்த்து நெஞ்செல்லாம் தூசி படிந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்டான். செலினாவுக்கு வேலை சுத்தம். அதிகம் பேசமாட்டாள். வாரத்தில் நாலு நாளாவது எந்தத் தறியிலாவது நின்றுவிடுவாள். வெள்ளிக்கிழமை கெசியாவின் நாலு தறியையும் ஒரு குறை இல்லாமல் ஓட்டினாள். உருளைக்குள் என்ன சுற்றியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை கெசியா பிரித்துப் பார்க்குமுன்னே துணியை அறுத்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை கிரெக்சன் ஆள் அனுப்பினார்.

கிடங்குக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் கிரெக்சனின் நீள மேஜை. கெசியா மேஜைக்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். கிரெக்சன் துணியை விரித்தார்.

“இது என்ன, கெசியா? ரெண்டாந்தறி, உன் நம்பர். மூணு கெஜத்துக்கு வலை பின்னி வெச்சிருக்கே. மீன் பிடிக்கப் போறோமா?”

கெசியா குனிந்து துணியைப் பார்த்தாள். மேஜையில் அம்மணமாக யாரையோ கிடத்தியிருப்பது போலிருந்தது. வாயைத் திறந்தாள்.

“வெள்ளிக்கிழமை நான் இல்லைங்கய்யா. சித்தி அடக்கத்துக்குப் போயிட்டேன்.”

“யாரு நின்னா?”

“செலினாங்க. செலினா காட்லோ.”

சொன்னது அத்தனையும் உண்மை. வெள்ளிக்கிழமை அவள் இல்லை. செலினாதான் நின்றாள். ஒரு வார்த்தை பொய் கிடையாது. நீதிமன்றத்தில் பைபிள்மேல் கையை வைத்துக்கூடச் சொல்லலாம். இப்படி உண்மையை உண்மையோடு சேர்த்துக் கட்டி ஒருத்தியின் கழுத்தில் சுருக்குப் போட முடியும் என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள்.

கிரெக்சன் ஒரு புத்தகத்தை எடுத்து என்னவோ எழுதினார். “பதிலிங்களை நம்பித் தறியை விட்டா இப்படித்தான். நீ போம்மா” என்றார்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவள் செய்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். காது கேட்காதவளுக்குத் தன் குரல் எவ்வளவு வந்தது என்றே தெரியாது. அதனால் கெசியா குரலோடு பேசும்போதும் ஒவ்வொரு சொல்லையும் வாயால் செதுக்கிச் செதுக்கித்தான் பேசுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நூற்றைம்பது நெசவுக்காரிகள். கெசியாவையே கிடங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற அதிசயத்தைப் பார்க்க எத்தனை கண் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்! வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. இருநூறு கெஜத்துக்கு எட்டும்படி கத்தியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

தறிக்குத் திரும்பி வந்தபோது தாமர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினாள். கெசியா இந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் முதுகு. எதிர்ச் சந்தில் ஒருத்தி ஏப்ரன் முனையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு அடுத்தவளிடம் பேசினாள். அப்போதுதான் கெசியா கண்ணாடித் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் கிரெக்சன் கொட்டாவி விட்டது, பல் எத்தனை என்று எண்ணுகிற அளவுக்குத் தெரிந்தது. ஐயோ, செத்தோம் என்று நினைத்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் கிரெக்சனிடம் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. நெசவுக்காரியை நெசவுக்காரி கிடங்கில் காட்டிக்கொடுக்கக் கூடாது. இது எங்கள் பெண்களுக்குப் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. கெசியா மீறியது அதைத்தான். அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் மற்றவர்களும் அதையே மீற வேண்டும். தாமருக்கு உண்மை தெரியும், வியாழக்கிழமை எச்சரித்தவளே அவள்தான். ஆனால் வாய் கட்டிக் கிடந்தது. மறுநாள் காலை தேநீருக்கு வெந்நீர் பிடிக்கிற இடத்தில் ஒரே ஒரு தடவை அவள் கெசியாவுக்கு நேராக முகத்தைக் காட்டினாள்.

“உன்னை யாரும் ஒதுக்கி வைக்கலடி. உனக்குத் தெரியாம பேசிக்கிறோம், அவ்வளவுதான். உன் கண்ணுல பட்டது கிடங்கு வரைக்கும் போகுதுன்னு பாத்துட்டோம்ல.”

காது கேட்கிறவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் முதுகுக்குப் பின்னால் ஏதாவது காதில் விழும். கெசியாவுக்கு அதுவும் இல்லை. அறுநூறு தறிக்கு நடுவில் அவள் மட்டும் இருட்டறையில் போட்டு அடைத்த மாதிரி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்றபோது, உட்கார்ந்திருந்த எல்லோரும் பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு மேலே உயர்த்திப் பிடித்துப் பாடினார்கள். பாட்டுக்குழுத் தலைவர் புது முடியோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அத்தனை கண்ணும் கெசியாமேல் இருந்தது.

செலினாவுக்கு நடந்தது இதைவிடச் சுருக்கம். செவ்வாய்க்கிழமை கேட்டில் அமோஸ் அவளைத் தாண்டி வேறு ஒருத்தியைக் கூப்பிட்டான். புதன்கிழமையும் அப்படியே. புத்தகத்தில் குற்றம் ஏறிய பதிலியைக் கூப்பிடக் கூடாது என்பது உத்தரவு. மேல்மில்லுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே மேஸ்திரி, “நீதானே மூணு கெஜத்தைக் கெடுத்தவ?” என்று கேட்டான். எங்கள் ஊர் மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே கடையில் பீர் குடிப்பவர்கள். ஆனாலும் செலினா தினமும் கீழ்மில் கேட்டில் வந்து நின்றாள். நிற்காவிட்டால் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரு வாரம் கழித்துப் புருஷன் ஈனக் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். கெசியா பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

“ஏ புள்ள, லாயத்துல என் குதிரைகூட என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குது. என்ன பண்ணித் தொலைச்சே?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஈனக் எதையும் சிரித்துக் கெடுக்கிற ஆள்; அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“கிரெக்சன் என்ன புலியா, கரடியா? நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துரு.”

“இருபத்திரண்டு வருஷம்யா! ஒரு தடவை கூப்பிட்டதில்ல என்னை. இப்ப நானே போய், நாந்தான் கெடுத்தேன், மறைச்சேன், இன்னொருத்தி தலையில போட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?”

“பாலு திரிஞ்சா கொட்டிட்டுப் பாத்திரத்தக் கழுவணும். மூடி வெச்சேன்னா வீடு பூரா நாறும்.”

“உனக்கென்ன, கரி வண்டிக்காரன். உனக்குக் கறுப்பு ஒட்டினா யாருக்குத் தெரியும்?”

“சரிதான்” என்றான் ஈனக். எழுந்துபோய்க் கொல்லையில் நின்றுகொண்டான். நாளைக்குப் போகிறேன் என்று அவன் முதுகுக்குச் சொன்னாள்.

மறுநாள் கிரெக்சனுக்குச் சளி. அதற்கு மறுநாள் மில் முதலாளியின் மகன் கிடங்கில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாத நாள். சனிக்கிழமை அரை நாள்தான். சாக்குக்கா பஞ்சம்? ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் கதவு வரை போய், கைப்பிடியைத் தொட்டு, திரும்பி வந்தாள். முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு தப்பு. இரண்டாம் வாரம், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்ற இரண்டாவது தப்பும் சேர்ந்தது. இப்படியே நவம்பர் பாதி ஓடிவிட்டது.

தினமும் காலையில் கேட்டைத் தாண்டும்போதுதான் உயிர் போகும். பதிலிகள் சுவரோரமாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். மற்ற எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, செலினா மட்டும் அவளை நேராகப் பார்த்து, காது கேட்காதவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி, வாயால் ஏதாவது சொல்வாள்.

“இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி, கெசியா.”

மறுநாள், “மழை விட்டுருச்சு, பரவாயில்ல.”

கெசியா தலையை ஆட்டிவிட்டு ஓடுவாள். மில்லில் அவளுக்கு நேராக வாய் திறந்தது அந்த ஒருத்திதான். முதலில் அது நெருப்பாகச் சுட்டது. பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதில் அவள் குளிர்காய ஆரம்பித்தாள். பாவம், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். யார் சொன்னதால் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று தெரிந்திருந்தால் பேசுவாளா? ஊருக்கே தெரிந்தாலும் இவள் ஒருத்திக்குத் தெரியாதவரை, இன்னும் எல்லாம் முடிந்துபோய்விடவில்லை என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். அது மட்டுமா! ஓட்ஸ் ரொட்டியும் ஒரு பாத்திரம் பட்டாணிச் சூப்பும் எடுத்துக்கொண்டு செலினா வீட்டுக்கே போனாள். செலினா வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது கெசியாவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. தான் ஒன்றும் அவ்வளவு கெட்டவள் இல்லை என்றுகூடத் தோன்றியது. வெட்கங்கெட்ட மனசு, கொஞ்சம் சூப்புக்கு விலை போய்விடும்.

மூன்றாவது தடவை போனது நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரே அறை. அறையில் பாதிக்கு மேல் ஜோப்பின் கட்டில். மேஜை, நாற்காலி எல்லாம் விலைக்குப் போய்விட்டிருந்தன. சூப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கெசியா கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். செலினா பாத்திரத்தை வாங்கிக் கணப்போரம் குனிந்து வைத்தாள். அப்போது ஜோப் தலையணையில் தலையைத் திருப்பி, பெண்சாதியின் முதுகைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். சத்தம் வந்தே இருக்காது, மூச்சுத்தான். ஆனால் வெளிச்சத்தில் அவன் வாய் தெரிந்தது.

“இன்னும் சொல்லலையா இவ? இன்னும் எத்தனை பாத்திரம் சூப்பு நாம குடிக்கணும்?”

செலினா நிமிர்ந்து திரும்பினாள். ஒருத்தி முகத்தைப் பார்த்தே இன்னொருத்திக்குப் புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?” என்றாள் கெசியா.

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“நீதான் சொன்னே. அந்தத் திங்கக்கிழமை நான் உள்ளதான் இருந்தேன், பிள்ளை பெறப் போனவளோட தறியில. கண்ணாடிக்கு நேரா.”

“அப்படின்னா… தினமும் ஏண்டி எங்கிட்டப் பேசினே? மழை, குளிருன்னு…”

செலினா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் தேடினாள் கெசியா. இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் நீ யாருக்கு நேரா வாயைத் திறப்பே? ஒருத்தியாவது பேசிக்கிட்டு இருந்தா, பேச்சு வந்து, அந்த வழியா அதுவும் வந்துரும்னு பாத்தேன். பதிலி போய் அது நானில்லைன்னு சொன்னா கிரெக்சன் கேப்பாரா? நீதான் சொல்லணும். அதான் தினமும் பாத்தேன். நீ தலைய ஆட்டிட்டுப் போயிருவே.”

கெசியா வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஊர் முகத்தைத் திருப்பியபோது உண்டான அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தான் யாரை ஏமாற்றி இரக்கம் காட்டிக்கொண்டிருந்தோமோ, அவள் ஏழு வாரமாகத் தன்மேல் இரக்கம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சூப்பைக் குடித்ததும் அதில் சேர்த்தி. அன்றைக்கு இரவு முழுவதும் ஈனக் பக்கத்தில் அவள் கண்ணை மூடவில்லை.

திங்கட்கிழமை காலை உணவு நேரத்தில் கிடங்குக்குப் போனாள். கைப்பிடியைத் தொட்டாள், திறந்தாள். கிரெக்சன் ரொட்டியில் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்த மூணு கெஜத்தைக் கெடுத்தது நான்! வியாழக்கிழமை! உருளையில சுத்தி மறைச்சேன்! செலினா இல்ல!”

“கத்தாதம்மா, எனக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார் கிரெக்சன். ரொட்டியைக் கீழே வைத்தார். “ஏன் அன்னிக்கே சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சுங்கய்யா.”

“வெட்கமா!” அவர் முகம் சிவந்துவிட்டது. “இருபத்திரண்டு வருஷத்துல முதல் தப்பு. அன்னிக்குச் சொல்லியிருந்தா, போய் வேலையப் பாரு, இனிமே கண்ணைத் தறியில வைன்னு அனுப்பியிருப்பேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். அதுக்காடி ஒரு பொம்பளைய ஏழு வாரம் தெருவுல நிறுத்தினே?”

கெசியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் தறியில ரெண்டைப் பிடுங்குங்கய்யா. இல்ல, வெளிய அனுப்புங்க. என் பேருல எழுதுங்க.”

“எழுதி? அந்தத் துணி துண்டு துண்டா வித்துப் போயாச்சு. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும், கேக்கல. உன் பேருல எழுதணும்னா என் பேரையும் எழுதணும்.” அவர் புத்தகத்தைத் திறந்து செலினாவின் பேரை மட்டும் அடித்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை. “அமோசுகிட்டச் சொல்றேன். நீ போ. என் டீ ஆறுது.”

தண்டனை என்று ஒன்று கொடுத்திருந்தால் அதை அனுபவித்துவிட்டாவது எழுந்திருப்பாள். கிரெக்சன் அதையும் கொடுக்கவில்லை. புத்தகத்தில் அவள் பேர் கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. துக்க வீட்டில் யாரோ அதைச் சொல்லித்தான் அந்தப் போதகர் அப்படியெல்லாம் பேசினார்.

செவ்வாய்க்கிழமை காலை பனி கொட்டியது. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அமோஸ் விளக்கோடு கேட்டுக்கு வெளியே வந்தான்.

“செலினா! வா உள்ள. மூணாஞ்சந்துல ஒருத்தி வரல.”

உள்ளே போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நாற்பது ஜோடி மரச்செருப்பு ஒரே சமயத்தில் ஓய்ந்தது. கெசியாவும் நின்றாள். செலினா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்து தயங்கினாள்.

“எங்கிட்டக் கொக்கி இல்ல அமோஸ். கத்தரியும் இல்ல. போன மாசமே வித்துட்டேன்.”

இழை வாங்குகிற கொக்கியும் கத்தரியும் நெசவுக்காரி சொந்தமாகக் கொண்டுவர வேண்டியவை. மில் கொடுக்காது. அவை இல்லாமல் தறிமுன் நின்று ஒரு பிரயோஜனமும் இல்லை. அமோஸ் தலையைச் சொறிந்தான்.

கெசியாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட்டை அவிழ்த்தாள். கொக்கி, கத்தரி, சீப்பு எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் செலினாவுக்கு முன்னால் நீட்டினாள்.

“இதை எடுத்துக்கடி” என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. தெருக்கோடி வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

செலினா பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு கெசியாவைப் பார்த்தாள். வழக்கம்போலவே நிறுத்தி நிறுத்தி, காது கேட்காதவளுக்கு ஒரு சொல்லும் தவறிப்போகாதபடி வாயசைத்தாள்.

“வேண்டாம், கெசியா. உன் பேருல இருக்கிற எதையும் நான் இனிமே தொடமாட்டேன்.”

அப்புறம் திரும்பி, “தாமர், உங்கிட்ட இன்னொரு கொக்கி இருக்கா?” என்று கேட்டாள். தாமர் தன்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தாள். “வாடி, பெட்டியில எங்கம்மாவோடது கிடக்கு, நான் அதை எடுத்துக்கிறேன்” என்று சொல்லி அவள் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். போகும்போது ஒருத்தி கெசியாவின் முழங்கையைத் தொட்டு, “வா, நேரமாச்சு” என்று நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஏழு வாரத்துக்குப் பிறகு ஒருத்தி பேசியது. கெசியாவுக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

“உள்ள வரியா, இல்லையா? கதவைச் சாத்தணும்” என்றான் அமோஸ்.

பெல்ட்டை மறுபடி இடுப்பில் கட்டிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக உள்ளே போனாள்.